பத்தில் ஒரு பங்கு

பனியன் கம்பெனி முதலாளி பொன்னுலிங்கத்தின் தகப்பனாரை அமரர் ஊர்தியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது.

சும்மா வந்த சிரிப்பு இல்லை. தொப்புளில் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சைக் குலுக்கி, மூக்கு வழியாக வெளியே வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தார். மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். குனிந்த இடத்தில் அடுத்த அலை வந்து அவரைத் தூக்கிப் போட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், செத்தவரின் காலடியில் நின்று, கைக்குழந்தையின் குரலில் கெக்கெக்கே என்று சிரித்தார். பறை நின்றது. மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை அந்தரத்தில் நிறுத்தினார்கள்.

"என்னங்க இது?" என்றார் பொன்னுலிங்கம்.

"மன்னிச்சுக்கோங்க. நான் சிரிக்கலீங்க. என்ற குழந்தை சிரிக்குது" என்று சொல்லிவிட்டு தெய்வசிகாமணி மறுபடியும் சிரித்தார்.

செங்கோடம்பாளையம் ஒன்பதாவது வார்டில் அமரர் ஊர்தி வைத்திருப்பவர் அவர். ஃப்ரீசர் பெட்டியும் வாடகைக்கு விடுவார். ஊரில் அதே தொழிலில் வேறு இரண்டு பேர் இருந்தும் பெரிய வீடுகளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காரணம் அவருடைய முகம். நீளமான முகம், கீழே இழுத்துக்கொண்ட கன்னங்கள், எப்போதும் ஈரமாகத் தெரியும் கண்கள். அவர் வண்டியின் பக்கத்தில் கை கட்டி நின்றாலே இறந்தவருக்கு ஒரு மரியாதை வந்துவிடும். அந்த முகத்தை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அவர்களை வளர்த்தது மனைவி துளசிமணி. பெண்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பதை அவர் பெரும்பாலும் போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"என்ற குழந்தை" என்று அவர் தன்னுடையதாகச் சொன்னது அவர் பெற்ற குழந்தை இல்லை. அரசாங்கம் அவருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த குழந்தை.

அந்த வார்டில் ஓர் அங்கன்வாடி இருந்தது. கழிப்பறை கிடையாது. மழை பெய்தால் குழந்தைகள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர வேண்டும். ஊஞ்சலில் சங்கிலி இருந்தது, பலகை இல்லை. வருடா வருடம் டீச்சர் பிரேமலதா மனு கொடுப்பார். வருடா வருடம் வார்டில் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். பிறகு தெருமுனையில் இன்னொரு வரவேற்பு வளைவு எழும்பும்.

எங்கோ ஒரு தலைநகர அறையில் யாரோ ஒரு விஞ்ஞானி இதைப் பற்றி யோசித்து, மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்தார். அதிலிருந்து பிறந்தது மழலைப் பங்குத் திட்டம். சோதனைக்கு எடுத்துக்கொண்ட முதல் சில இடங்களில் ஒன்பதாவது வார்டும் ஒன்று.

திட்டத்தை விளக்க ஆதிரை என்ற இளம் பொறியாளர் சென்னையிலிருந்து வந்து கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டாள்.

"குழந்தையோட கால்ல ஒரு துணிப் பட்டை. உங்க காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு. குழந்தைக்குப் பசிச்சா உங்களுக்குப் பசிக்கும். பயந்தா பயப்படுவீங்க. முழுசா இல்ல, பத்துல ஒரு பங்குதான். அங்கன்வாடி நேரம் மட்டும்தான், காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்."

"நாலுக்கு மேல?" என்று கேட்டார் சிமெண்ட் கடை பாலுச்சாமி.

"நாலு மணிக்கு அங்கன்வாடியே மூடிடும் சார். அப்புறம் அது வீட்டுக் குழந்தை."

"ஒட்டுனா வலிக்குமுங்களா?"

"ஒட்டும்போது வலிக்காது சார்" என்றாள் ஆதிரை. அதற்கு மேல் சொல்லவில்லை.

வார்டுக்குள் கடையோ ஆபீஸோ வைத்திருப்பவர்கள் பொட்டு ஒட்டிக்கொண்டால்தான் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும் என்றார்கள். ஒரு குழந்தைக்கு மூன்று பங்குதாரர்கள். குலுக்கல் போட்டதில் மிளிர் என்ற மூன்றரை வயதுப் பெண் குழந்தை, தெய்வசிகாமணிக்கும் பாலுச்சாமிக்கும் வக்கீல் ரங்கநாயகிக்கும் விழுந்தது.

முதல் வாரம் ஊர் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆயா ராக்கம்மாள் காலையில் ஒரே ஒரு முறைதான் பின்பக்கத்து முள்காட்டுக்குக் கூட்டிப்போவாள். அதுவரை குழந்தைகள் அடக்கிக்கொண்டிருப்பார்கள். இப்போது வார்டே அடக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் கல்லாவில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் மைக்கைக் கையில் பிடித்தபடியே மேடையிலிருந்து இறங்கி ஓடினார். அவசரக் கூட்டம் கூடி, எல்லோரும் நின்றுகொண்டே தீர்மானம் போட்டு, வாரம் முடிவதற்குள் அங்கன்வாடிக்குக் கழிப்பறை வந்தது. ஓடு மாறியது. முட்டை வராத நாளில் பேக்கரிக்காரர் கண்ணீரோடு முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊஞ்சலுக்குப் பலகை வந்தது. மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் தெருவில் எல்லாக் கடைகளும் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தன. பாலுச்சாமி சிமெண்ட் மூட்டைமேல் வாயைப் பிளந்து தூங்கினார். வாங்க வந்தவர்களும் பக்கத்து மூட்டையில் தூங்கினார்கள்.

இதெல்லாம் நல்லதுதான் என்றே தெய்வசிகாமணி நினைத்தார், பொன்னுலிங்கம் வீட்டில் சிரிக்கும்வரை.

சிரித்த அன்றே அங்கன்வாடிக்குப் போனார்.

"டீச்சர், பதினோரு மணிக்கு இங்க என்ன பண்ணுனீங்க?"

"பலூன் ஊதி முடிச்சுப் போடாம விட்டோமுங்க. புர்ருன்னு சுத்தி வந்து மிளிரு மூக்குல உழுந்துச்சு" என்றார் பிரேமலதா.

"அப்ப நான் எழவு வீட்ல நின்னுட்டிருந்தனுங்க."

"அது அவளுக்குத் தெரியுமுங்களா?"

"சிரிக்க வேண்டாம்னு சொல்லி வெய்யுங்க."

"நீங்களே சொல்லிக்கோங்க. அதா, கத்திரிப்பூ கவுனு."

தெய்வசிகாமணி ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரிப்பூ கவுன் எதிரில் வந்து நின்றது. மூக்கு ஒழுகியது. அவருடைய முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை அது வெகு நிதானமாகப் பார்த்தது.

"இங்க பாரு கண்ணு, தாத்தா வேலைக்குப் போற நேரத்துல..." என்று ஆரம்பித்தார்.

மிளிர் இரண்டு கைகளாலும் அவர் கன்னங்களைப் பிடித்து இன்னும் கீழே இழுத்தாள். விட்டாள். கன்னம் மேலே போனது. மறுபடி இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் அதே நொடியில் வந்தது. ஊரே சாவு முகம் என்று சொல்லும் தன் முகத்தைப் பார்த்து ஓர் உயிருக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்பதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை அது, பார்த்தவளின் வயிற்றுக்குள்ளிருந்தே தெரிந்துகொண்டது. எழுந்தபோது நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு பெண் அவருடைய ஷெட்டுக்கு வெளியே தயங்கி நின்றாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"நான் மிளிரோட அம்மா, அமுதவல்லிங்க. பனியன் கம்பெனில செக்கிங். என்ற புள்ளையால உங்க தொழில் கெட்டுப்போச்சுன்னு ராக்கம்மாக்கா சொன்னாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. சிரிச்சா, அவ்வளவுதான்."

அமுதவல்லி போகவில்லை. முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: "பகல்ல அவ என்னையத் தேடுவாளுங்களா?"

"உங்களுக்குப் பொட்டு தரலீங்களா?"

"கேட்டனுங்க. பெத்தவங்களுக்குத் தர்றதில்லையாமா. தாய்க்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு எங்கீங்க தெரியுது? காலைல கேட்டப் புடிச்சுட்டுக் கத்துறா. அந்தச் சத்தத்தோட பஸ் ஏறுறேன். அப்பறம் நாளெல்லாம் மிசின் சத்தத்துக்குள்ள எனக்கு அதேதான் கேக்குது. நாலுக்கு மேல ராக்கம்மாக்காதான் அவள அங்கயே வெச்சிருக்காங்க. அஞ்சரைக்கு வந்துதான் மறுபடியும் அவளப் பாக்கறேன். அதுவரைக்கும் அழுதுட்டே இருப்பாளோன்னு இருக்குதுங்க."

தெய்வசிகாமணிக்கு உண்மை தெரியும். காலையில் கேட்டில் வரும் அழுகை அவருடைய தொண்டையையும் அடைக்கும். அமுதவல்லி தெருமுனை திரும்பியதும் குழாயை மூடியதுபோல அது நின்றுவிடும். அதன் பிறகு மணல், பருப்புச் சாதம், தூக்கம், ஊஞ்சல். நாலு மணிவரை அம்மா என்று ஒரு சொட்டு ஏக்கம்கூட வந்ததில்லை.

ஆனால் அவருடைய தொழிலில் தினமும் யாராவது ஒருவர், கடைசி நேரத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்பார்கள். இல்லை, தூக்கத்திலேயே நிம்மதியாகப் போயிருப்பார் என்று அவர் சொல்வார். அந்தக் குரல் தானாக வந்தது.

"தேடுதுங்க அம்மணி. நல்லாவே தேடுது. இன்னிக்கு மத்தியானம் தூங்கறதுக்கு முன்னாடிகூட."

அவளுடைய முகத்தில் துக்கமும் பெருமையும் ஒன்றாக வந்ததை அவர் பார்த்தார். அதிலிருந்து தினமும் அங்கன்வாடிக்குப் போகிற வழியில் நின்று கேட்பாள். அவரும் தினமும் சொல்வார்.

பிறகு நடந்ததற்கு அவரும் ஒரு காரணம். சாவு விழுகிற நாட்களில் டீச்சருக்கு போன் போட்டு, இன்றைக்கு பலூன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டீச்சரும் சரி என்றார். விஷயம் வெளியே தெரிந்ததும் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பங்குதாரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. ஊஞ்சலில் மிளிர் மேலே போகும்போதெல்லாம் நீதிமன்றத்தில் தன் வயிறு எகிறுகிறது என்று வக்கீல் ரங்கநாயகி எழுதினார். ஊஞ்சல் கழற்றப்பட்டது. நரிக் கதை சொன்ன அன்று ஹார்டுவேர் கடைக்காரர் பயந்து ஷட்டருக்குள் ஒளிந்துகொண்டார். கதை நிறுத்தப்பட்டது. பசியே வரக் கூடாது என்று இரண்டு கைக்கும் இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள். விழுந்தால் எல்லோருக்கும் முட்டி வலித்ததால் ஓடக் கூடாது என்றார்கள். மணல் கண்ணில் பட்டதால் மணலை அள்ளிவிட்டார்கள். கடைசியில் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து சுவர் அளவுக்கு ஒரு திரை வாங்கி மாட்டினார்கள். அதில் காலை முதல் சாயங்காலம் வரை வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

வார்டு அமைதியானது. யாருக்கும் திடீரென்று அழுகை வரவில்லை, மூத்திரம் முட்டவில்லை. மாவட்ட அளவில் விழா நடத்தி, தேவையே எழாத வார்டு என்று ஒன்பதாவது வார்டுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நம் குழந்தைகளுக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று கவுன்சிலர் பேசினார். தெய்வசிகாமணியும் கை தட்டினார். பெரிய வீடுகளிலிருந்து மறுபடி அழைப்பு வர ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவர் காதுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. துளசிமணியை விட்டுத் தட்டச் சொன்னார். பிறகு ஆதிரைக்கு போன் போட்டார்.

அவள் அடுத்த நாளே கருவிப்பெட்டியோடு வந்தாள். பொட்டைச் சோதித்தாள். அங்கன்வாடிக்குப் போய்ப் பட்டையைச் சோதித்தாள். திரும்பி வந்து ஷெட்டுக்குள் ஃப்ரீசர் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அது என்ன பெட்டி என்று அவர் சொல்லவில்லை.

"ரிப்பேர் பண்ணிட்டீங்களாம்மா?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல சார். பொட்டு நல்லா வேலை செய்யுது, பட்டையும் நல்லா வேலை செய்யுது."

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் வரமாட்டேங்குது?"

ஆதிரை தரையைப் பார்த்தாள். "குழந்தைகிட்டதான் ஒண்ணும் இல்ல சார்."

தெய்வசிகாமணி போட்டிருந்த சட்டையோடு அங்கன்வாடிக்கு நடந்தார். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. கையில் பிஸ்கட் ஊறிப்போயிருந்தது. மிளிருக்கு முன்னால் குனிந்து கன்னத்தைத் தானே கீழே இழுத்து விட்டார். நாக்கைத் துருத்தினார். காதை ஆட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் விளம்பரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, அவர் மறைத்திருந்த மீனைத் தேடினாள்.

இத்தனை வருடத் தொழிலில் அந்த மாதிரிக் கண்களை அவர் பார்த்ததுண்டு. மூடிவிட வேண்டிய கண்கள் அவை. உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளிடம் அவற்றைப் பார்த்தபோது அவர் ஓரடி பின்னால் போனார். அந்தப் பயம் அவருடையது, குழந்தையிடமிருந்து வந்ததில்லை.

"டீச்சர், என்னங்க இது?"

"நாங்க என்னங்க பண்றது?" என்றார் பிரேமலதா. குரல் உடைந்தது. "ஊஞ்சல் வேண்டாம்னாங்க. கதை வேண்டாம்னாங்க. நீங்களும்தான பலூன் வேண்டாம்னீங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "எங்காச்சும் கூட்டிட்டுப் போலாமுங்களா? குளத்துக்கு?" என்றார்.

"நடக்க முடியாதுங்களே, அத்தனை தூரம்."

"வண்டி இருக்குதுங்க."

எந்த வண்டி என்று புரிந்ததும் ராக்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "சாமி! அதுலயா? பச்சப் புள்ளைங்கள?"

டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தார். திரையில் மீன்கள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தன. சட்டென்று எழுந்து சுவிட்சை அணைத்தார். "எப்படியும் எல்லாரும் ஒருநா படுத்துட்டுப் போற வண்டிதானக்கா. இன்னிக்கு உக்காந்துட்டுப் போலாம்" என்று சொல்லி, தாய்மார்களுக்கெல்லாம் போனில் தகவல் அனுப்பிவிட்டு, முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஊர்தி, முந்தின நாளின் செவ்வந்தி மாலைகளோடு பிரதான சாலைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் தெய்வசிகாமணி மெதுவாகத்தான் ஓட்டினார். சாலையோரத்தில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். உள்ளேயிருந்து இருபது குழந்தைகள் அவர்களுக்குக் கை ஆட்டின. ஒரு போலீஸ்காரர் தொப்பியை எடுத்தார், பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். சந்தைக்கு முன்னால் ஒரு குழந்தை மைக்கைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு வழிநெடுக ஒலிபெருக்கியில் மே, மே, ஆடு கத்துது என்று போய்க்கொண்டிருந்தார்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது முதல் சிரிப்பு வந்தது. அது மிளிருடையது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விலா எலும்புக்குள் அது வந்து இடித்தது. அவர் அடுத்த வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏறினார்.

குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதியெல்லாம் சேறு. பிள்ளைகளுக்குச் சேறே போதுமானதாக இருந்தது.

அதே நேரத்தில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கில் வாதாடிக்கொண்டிருந்த ரங்கநாயகி, "கனம் நீதிபதி அவர்களே, அந்தக் கிணறு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "ஐய்ய்ய்" என்று கத்திக் குதித்தார். பாலுச்சாமி மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பேக்கரியில் கேக்கின்மேல் எழுதிக்கொண்டிருந்தவர் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் வெறும் சுழியாகப் போட்டுக்கொண்டே போனார். அப்புறம் மிளிர் கரையில் வழுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம். அப்புறம் எல்லாருக்கும் ஒன்றாகப் பசித்தது. பிஸ்கட் யாருமே எடுத்துப் போகவில்லை.

ஒன்பதாவது வார்டு கடையைப் பூட்டாமல் கிளம்பியது. வாட்ஸ்அப்பில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே என்று விசாரித்து, டிவிஎஸ்ஸிலும் டெம்போவிலும் குளத்தங்கரைக்கு வந்து இறங்கியது. ரங்கநாயகி கறுப்பு கவுனோடு ஓடிவந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை மிளிரின் முட்டியில் கட்டினார். பேக்கரிக்காரர் பன் கூடையோடு வந்தார். திட்டுவதற்கென்று வந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். அந்த நொடியில் ஒரு குழந்தை தண்ணீரில் கல்லை எறிந்தது, சளக் என்றது, திட்ட வந்தவர்களின் வயிற்றில் அந்தச் சளக் குளிர்ச்சியாக விழுந்தது. கவுன்சிலர் வெள்ளை வேட்டியோடு சேற்றில் நின்று, இன்னொரு கல்லை எடுத்து மிளிரிடம் கொடுத்தார்.

ஆனாலும் விசாரணை வந்தது. இறந்தவர்களுக்கான வாகனத்தில் உயிருள்ளவர்களை ஏற்றிச் சென்றது என்பது குற்றச்சாட்டு. வார்டு அலுவலகத்தில், மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரியின் முன்னால், ஊஞ்சலைக் கழற்றச் சொல்லி எழுதிய அதே ரங்கநாயகி தெய்வசிகாமணிக்காக ஆஜரானார்.

"அன்னிக்கு ஏறுறப்ப அந்தக் குழந்தைங்க உயிரோட இருந்துச்சுன்னு யாராச்சும் நிரூபிங்க பாக்கலாம்" என்றார் அவர். "எங்க பொட்டுல ஒண்ணுமே வரலீங்களே. குளத்துக்குப் போனப்புறந்தானுங்க வந்துச்சு."

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். திரையைக் கழற்றவும் ஊஞ்சலையும் மணலையும் திரும்பக் கொண்டுவரவும் உத்தரவிட்டார். ஆனால் விதி விதிதான் என்று, தெய்வசிகாமணியைப் பங்குதாரர் பட்டியலிலிருந்து நீக்கினார். ஆதிரை வந்து அவர் காதுக்குப் பின்னாலிருந்து பொட்டைப் பிரித்தெடுத்தாள். அந்த இடம் குளிர்ந்தது.

"இந்தப் பங்கு இனி யாருக்கு?" என்றார் அதிகாரி.

"அவங்க அம்மாவுக்குக் குடுங்க" என்றார் தெய்வசிகாமணி.

"தாய்க்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்னு விதியிலேயே இருக்கு."

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த அமுதவல்லி கையைத் தூக்கினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

அதிகாரி சரி என்று தலையசைத்தார். நாலு மணிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடச் சொல்லி ரங்கநாயகி கேட்டார். தாய்க்கு ஏது ஆபீஸ் நேரம் என்றார். ஆதிரை கையோடு கையாக அதை மாற்றிக்கொடுத்தாள். "இனி நாள் பூரா வரும்க்கா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பொட்டு ரொம்ப நேரம் தோல்ல ஒட்டாம வெளிய கிடந்தா செத்துப்போயிரும்."

திங்கட்கிழமை காலை அமுதவல்லி பொட்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். போகும்போது தெய்வசிகாமணியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம், குழந்தையை அழைக்கப் போவதற்கு முன்பே ஷெட்டுக்கு வந்தாள். அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"நீங்க பொய் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

"ஆமாங்க அம்மணி."

"காலைல கேட்ல அழுதா. நான் முனை திரும்பறதுக்குள்ள நின்னுபோச்சு. அப்பறம் மணலு. அப்பறம் யாரோ ஒரு பையன் இவ தலைல மண்ணப் போட்டான், அதுக்கு ஒரு சந்தோஷம். சோறு, தூக்கம், ஊஞ்சல். செக்கிங் டேபிள்ல உக்காந்துட்டு நானும் ஒரு தூக்கம் போட்டுத் திட்டு வாங்குனேன். எல்லாம் வந்துச்சு. நான்தான் அதுல எங்கயுமே இல்லீங்க."

"நல்லதுதானுங்களே? சந்தோஷமா இருக்குது."

"நல்லதுதான். ஒரு வருசமா பஸ்ல அழுதுட்டுப் போனது வீணுன்னு தெரிஞ்சுபோச்சு. சந்தோஷந்தானுங்க." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சந்தோஷமா இருக்கான்னு ஒருநா தெரிஞ்சா போதும். தெனமும் தெரிய வேண்டாம். இத நீங்களே வெச்சுக்கோங்க. உங்களுக்காச்சும் அவ சிரிக்கிறது உபயோகப்படும்."

காதுக்குப் பின்னாலிருந்து மூன்று மணிக்கே பிரித்துவிட்டிருந்தாள். ஜாக்கெட்டுக்குள் தோலோடு ஒட்டியிருந்த பொட்டை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு அங்கன்வாடிப் பக்கம் நடந்தாள். நடையில் அசதி தெரிந்தது. செத்துப்போயிரும் என்று ஆதிரை சொன்னது நினைவுக்கு வர, சும்மா பாதுகாப்புக்காகத்தான் அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். துணியை எடுத்து மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

லேசான பசி வந்தது. பிறகு சலிப்பு, மணலில் விரலால் கோடு போடுகிற மாதிரி ஒரு சலிப்பு. தெருவின் கோடியில் அமுதவல்லி கேட்டின் கொக்கியைத் தூக்குவது தெரிந்தது.

அப்போதுதான் அது வந்தது.

தெய்வசிகாமணி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். பிடி நிற்கவில்லை, வண்டியின் படியில் உட்கார்ந்தார். பலூனுக்கு வந்தது இப்படி இல்லை. ஊஞ்சலுக்கோ குளத்துக்கோ அவர் முகத்துக்கோ வந்தது இப்படி இல்லை. நாளெல்லாம் எங்கேயோ கிடந்த உலகம் ஒரே அடியில் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தெருவின் கோடியில் கத்திரிப்பூ கவுன் ஓடிவந்து இரண்டு கால்களைக் கட்டிக்கொள்வதும், அமுதவல்லி குனிந்து அதைத் தூக்கி, பையைத் தோளில் மாட்டி, எல்லா நாளும்போல நடக்க ஆரம்பிப்பதும் தெரிந்தது.

அவளுக்குத் தெரியாது. நாலு மணிக்கு மேல் என்ன வரும் என்று அந்த வார்டில் யாருக்குமே தெரியாது.

அவர் எழுந்தார். எந்த ஊர்வலத்திலும் ஓடியிராத அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பொட்டைப் பிய்த்தபடி, தெருவே திரும்பிப் பார்க்க ஓடினார்.

"அம்மணி! நில்லுங்க அம்மணி! புள்ளைய எறக்கி உட்டுட்டு, இத ஒட்டிக்கிட்டு, நீங்க ஒருக்கா அக்கட்ட முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க!"